கனகசுந்தரி வீட்டு மாடிப்படி

கோவில்பட்டியில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற செக்கடித் தெருவில், கனகசுந்தரி வீட்டு மாடிப்படி வளர ஆரம்பித்தது ஐப்பசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மழை இந்தா வருகிறேன் அந்தா வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டு வராமலே போனதும், எதிர்வீட்டு வேலம்மாள் உளுந்தை ஊறப்போட்டுவிட்டு கரண்ட் இல்லாமல் மின்சார ஆபீசைக் கரித்துக் கொட்டியதும் தெருவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் படி வளர்ந்த சத்தத்தைக் கேட்டதாக இன்றுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

கனகசுந்தரிக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீசில் சான்றிதழ் பிரிவில் உட்கார்ந்து, வருமானம், இருப்பிடம், சாதி என்று ஊருக்கே எழுதிக் கொடுத்தவள்; மனுவோடு ஒரு தாள் குறைந்தாலும், வந்து நிற்பது யாராக இருந்தாலும், ‘இணைப்பு இல்லை, திருப்பப்படுகிறது’ என்று சிவப்பு மையில் எழுதி நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறவள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ரிட்டயர்டு ஆனபோது மாடியில் இரண்டு அறையும் அடுப்படியுமாக ஒரு வீட்டைக் கட்டி, வெளிப்பக்கமாகப் படி வைத்து, பூட்டியே போட்டிருந்தாள். யாருக்கும் வாடகைக்கு விடுகிற எண்ணமெல்லாம் அவளுக்கு அப்போது இல்லை.

அந்தப் புரட்டாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். காலைக் காப்பி நேரத்துக்கு விழுந்தவள், மத்தியானம் சிலிண்டர் போடுகிற ஆள் வந்து கூப்பிட்டுப் பார்த்து எட்டிப் பார்க்கிறவரைக்கும், எழுந்திருக்க முடியாமல் ஈரத்தரையில் கிடந்தாள். எலும்பு முறியவில்லை, இடது முட்டிதான் போச்சு. ஆனால் பெங்களூரில் இருந்த மகள் லோசனி போனில் அழுதுவிட்டு, அழுது முடித்த கையோடு கெடு வைத்துவிட்டாள்: “ஒண்ணு, மாடிக்கு ஆள் குடிவரணும். இல்ல, தை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை நான் வண்டி எடுத்துட்டு வாரேன், வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரு. ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா.”

மகளின் வீடு பதினோராவது மாடியில் இருந்தது. ஒருதரம் அங்கே பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தவள்தான் கனகசுந்தரி. அந்தப் பதினைந்து நாளும் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காமல் லிஃப்டோடு பேசிக்கொண்டிருந்தாள். அங்கே போனால் ஒரே மாசத்தில் செத்துப்போவேன் என்று வாய்விட்டே சொன்னாள். அதனால் ஒரு கரும்பலகை வாங்கி, சாக்பீசால் ‘மாடி வீடு வாடகைக்கு’ என்று முத்து முத்தாக எழுதி, கேட்டில் மாட்டினாள்.

வேலம்மாள் எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

“என்னக்கா இது, மொட்டையா எழுதிப் போட்டுட்டீக? கண்ட கழுதையும் வந்து நிக்கும். கண்டிஷன் போடுங்க. சுத்த சைவம்னு போடுங்க மொதல்ல.”

“நானே புதன்கிழமைன்னா நெத்திலிக் கொழம்பு வைக்கிறவ, வேலு.”

“நீங்க வீட்டுக்காரவுக. ஒங்களுக்கென்ன?”

நியாயமாகத்தான் பட்டது. கனகசுந்தரி எழுதினாள். கூடவே, தானாகத் தோன்றியது என்று, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றும், கல்யாணம் ஆகாதவர்களுக்கு இல்லை என்றும் எழுதினாள். மறுநாள் மாடியைப் பெருக்கப் போனபோது கால் மூன்று எட்டு அதிகம் வைத்தது. இறங்கி எண்ணினாள். இருபத்திரண்டு. கட்டின கொத்தனார் சுடலைமுத்துவை ஆள்விட்டு வரச் சொன்னாள். அவர் வந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒவ்வொரு படியாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஏறி இறங்கி, “நான் போட்டது பத்தொம்பதுதான் தாயி. மத்ததும் நல்ல வேலைதான், குத்தம் சொல்ல முடியாது. என்னைவிட நல்லாப் பூசியிருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு கண்டிஷனுக்கு ஒரு படி என்று கணக்குத் தெரிந்துபோனது. படி கூடக்கூட மாடி வீடும் அந்தந்த அளவுக்கு மேலே போய் நின்றது. கீழ்வீட்டு மொட்டைமாடிக்கும் மேல்வீட்டுத் தரைக்கும் நடுவில் வெறும் காற்றுதான், அதில் காக்காய்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்தன. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்தார், வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், ‘படி உள்ளது’ என்று குறித்துக்கொண்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தெரு என்ன செய்தது என்றால், அந்தப் படிக்குப் பழகிக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல படி. நாற்பதாவது படிக்கு மேல் கொசு கிடையாது, காற்று அள்ளிக்கொண்டு போகும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார்கள். இருபதிலிருந்து முப்பத்தைந்து வரைக்கும் வெயில் சரியாக விழுகிறது என்று வேலம்மாள் மோர்மிளகாயும் வத்தலும் காயப்போட்டாள். அறுபத்துமூன்றில் நின்றால் தூரத்தில் கழுகுமலை தெரிகிறது என்று யாரோ கண்டுபிடித்த நாளிலிருந்து கிருத்திகைக்குக் கிருத்திகை அங்கே சூடம் கொளுத்தி, விபூதி பூசிக்கொண்டு, வரிசையாக இறங்கி வந்தார்கள். கல்யாணம் ஆன ஜோடிகள் போட்டோ எடுக்க வந்தன. ‘என் படி’, ‘உன் படி’ என்று பேச்சு வந்தது. ஒருத்தர் படியில் இன்னொருத்தர் உட்கார்ந்ததற்காக இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

படி வேண்டும் என்றால் கண்டிஷன் வேண்டுமே! அதனால் தெருவில் ஆளுக்கொரு கண்டிஷனோடு வந்தார்கள். வக்கீலுக்கு விடாதீக, போலீசுக்கு விடாதீக, பத்திரிகைக்காரனுக்கு விடவே விடாதீக, விருந்தாளி மூன்று நாளைக்கு மேல் தங்கினால் நமக்குத் தண்ணீர் கஷ்டம், குதிக்கிற வயசுப் பிள்ளை கூடாது, கைக்குழந்தை கூடாது, இனிமேல் குழந்தை பெறுகிற உத்தேசமும் கூடாது. ஆர்மோனியம், நாய், புறா, துக்க வீட்டுச் சொந்தம் அதிகம் உள்ளவர்கள். பலகை போதாமல் காம்பவுண்டுச் சுவருக்கே கறுப்பு பெயிண்ட் அடித்து எழுதினாள் கனகசுந்தரி. அவளுக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆபீசை விட்டு வந்தபிறகு யாரும் அவள் முன்னால் தாளை நீட்டிக்கொண்டு நின்றதில்லை, இப்போது நின்றார்கள்.

பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பிச்சையா சார் மார்கழி பிறந்ததும் ஒரு முழுத்தாளோடு வந்தார். சர்க்கரைக்காரர்கள் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு தினமும் விடிந்ததும் விசில் ஊதிக்கொண்டு படியேறுகிறவர் அவர்.

“மேடம், டாக்டர் எங்களை நூறு படி ஏறச் சொல்லியிருக்காரு. இப்ப எண்பத்தொண்ணுல நிக்குது. பத்தொம்பது கண்டிஷன் யோசிச்சு எழுதியாந்திருக்கேன். ஒண்ணுகூட அநியாயமான கண்டிஷன் கிடையாது, நீங்களே வாசிச்சுப் பாருங்க.”

வாசித்துப் பார்த்தாள். குறட்டை விடுகிறவர்கள் கூடாது என்று முதல் வரி. எழுத்துப்பிழை இல்லாத மனு என்பதால் அப்படியே ஏற்றுக்கொண்டாள்.

வீடு பார்க்க வந்தவர்கள் வராமல் இல்லை. பாங்கில் வேலைபார்க்கிற ஒரு தம்பதி ஐம்பது வரைக்கும் ஏறி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கழுகுமலை இன்னும் எவ்வளவு படி என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டது. ஒரே ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் நூறும் ஏறி, வீட்டைப் பார்த்து, பிடித்துப்போய், மூச்சு வாங்க இறங்கி வந்தார். விசாரித்ததில் அவர் மச்சினன் வக்கீல். அவரையும் திருப்பி அனுப்பியாகிவிட்டது. வாடகை எவ்வளவு என்று கேட்கிற கட்டத்துக்கு ஒரு ஆள்கூட வந்து சேரவில்லை.

தை பிறந்தது. லோசனி போனில், “வண்டிக்குச் சொல்லிட்டேம்மா, எந்தப் பாத்திரம் வேணும், எது வேண்டாம்னு பிரிச்சு வை” என்றாள். கனகசுந்தரி அடுப்படியில் நின்று பாத்திரங்களைப் பார்த்தாள். எதைப் பிரிப்பது? இட்லிக் கொப்பரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். ஊரெல்லாம் ஏறி இறங்குகிற படி வைத்திருந்தும் வீட்டுக்கு ஒரு ஆள் வரவில்லையே, விழுந்து கிடந்தால் எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லையே என்று அழுதாள். அழுகை நின்றதும் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டும் எடுத்துக்கொண்டு கேட்டில் மாட்டியிருந்த பலகைக்குப் போனாள்.

ஆணியைத்தான் முதலில் அழித்தாள். இருபத்தோராவது படி இல்லாமல் போனது, அதில் காய்ந்த மோர்மிளகாயும் போனது. வேலம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். சாயங்காலத்துக்குள் தெருவே கூடி, படி உபயோகிப்போர் சார்பில், எந்தக் கண்டிஷனையும் அழிக்கக் கூடாது என்று மனு எழுதிக் கொண்டுவந்தது. கனகசுந்தரி மூக்குக்கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தாள். கடைசியில், “இதுல யாரு மாடியில குடிவரப் போறீக? அந்தச் சம்மதக் கடிதம் எங்க?” என்று கேட்டாள். “இணைப்பு இல்லை” என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி துண்டை நனைத்தாள்.

பலகையும் சுவரும் முழுக்கத் துடைத்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது. மாடி வீடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கடைசியில் பழைய இடத்தில் தும்மல் போட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. பிச்சையா சார் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ரயில்வே மேம்பாலத்துக்கு நடக்கப் போனார். பலகையில் ‘மாடி வீடு வாடகைக்கு’ என்பது மட்டும்தான் மிச்சம்.

கனகசுந்தரி படியை எண்ணினாள். இருபது. சுடலைமுத்துவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள். அவரும் இருபது என்றார். “அடியில கிடக்கே, இந்த மொதப் படி, இது எம்படி இல்ல தாயி” என்றார். உளியை வைத்து ஒரு போடு போட்டார். உளிதான் மழுங்கியது. எல்லாவற்றையும் அழித்தாகிவிட்டதே, இது எந்தக் கண்டிஷன் என்று அவளுக்கும் புரியவில்லை. ஒரு படிதானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலையில், மாரிச்செல்வி வந்தாள். வேறு தாலுகாவிலிருந்து மாற்றலாகி வந்த சர்வேயர். முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் ஒரு பை, அதற்குள் அளவு டேப்பும் குறிப்புப் புத்தகமும். கனகசுந்தரிக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்துபோனது. தாலுகா ஆபீஸ் பிள்ளை!

“வாங்கம்மா, வாங்க. ஒக்காருங்க. காப்பி போடட்டுமா?”

“வேண்டாம் மேடம், இப்பத்தான் குடிச்சேன். எனக்குக் கல்யாணம் ஆகல, தனியாத்தான் இருப்பேன், கறி மீன் ஆக்குவேன். அதை மொதல்லயே சொல்லிடறது நல்லது.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அழிச்சாச்சு.” கனகசுந்தரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, முப்பத்தோரு வருஷம் கேட்டுப் பழகிய வாய், தன்பாட்டுக்குக் கேட்டது: “சொந்த ஊரு எதுங்க?”

“ஊத்துப்பட்டி, மேடம்.”

“ஊத்துப்பட்டியில எந்தத் தெரு?”

மாரிச்செல்வி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்த முதல் படி, ஒரு சத்தமும் இல்லாமல், முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது.

“தெரு இல்ல மேடம். காலனி.”

“ஓ” என்றாள் கனகசுந்தரி. “சரி, நீ போயிட்டு வாம்மா. யோசிச்சுச் சொல்லுறேன்.” படி அவள் இடுப்புக்கு வந்தது.

மாரிச்செல்வி பையைத் திறந்து, டேப்பை எடுத்து, குனிந்து படியை அளந்தாள். “எண்பத்தாறு சென்டிமீட்டர்” என்று தனக்குத்தானே சொல்லி, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

“சுவத்துல ஒண்ணுமே இல்லையே மேடம். அப்ப இது எந்தக் கண்டிஷன்?”

கனகசுந்தரி சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“எழுதியிருந்தா அழிச்சிருப்பீங்க. எழுதாததை எப்படி அழிப்பீங்க?” மாரிச்செல்வி குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, போன் நம்பரை எழுதி, அந்தப் படியின் மேலேயே வைத்து, பறக்காமல் ஒரு ஜல்லியைத் தூக்கி வைத்தாள். “நான் வாரேன் மேடம்.”

அன்றைக்கு முழுக்கக் கனகசுந்தரி, தான் அப்படிப்பட்டவள் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆபீசில் ஒருத்தரை நிற்க வைத்ததுண்டா? எத்தனை காலனிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறாள்! எல்லாம் வாஸ்தவம்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். படி இடுப்பளவுக்கு நின்றுகொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, தெருக்குழாயில் தண்ணீர் வந்து மொத்தத் தெருவும் குடத்தோடு நிற்கிற நேரத்தில், சாக்பீசோடு வெளியே வந்தாள். லட்சம் தாளில் சாதி எழுதிய கைதான். இதை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கறுப்புச் சுவரில், குடத்தோடு நின்ற கடைசி ஆளுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினாள்: காலனி ஆட்களுக்கு வீடு இல்லை. எழுதி முடித்து, பழக்கதோஷத்தில் கீழே கையெழுத்தும் போட்டுத் தேதியும் போட்டாள்.

குழாயடியில் குடம் நிறைந்து வழிவதை யாரும் கவனிக்கவில்லை. வேலம்மாள்தான் கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“யக்கா, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு? இதையெல்லாமா எழுதுவாக?”

“எழுதாம இருந்தப்ப ஒனக்குத் தெரியாதா, வேலு?”

“தெரியும். தெரிஞ்சதை எதுக்கு எழுதணும்கேன்?”

“அழிக்கணும். அதுக்குத்தான்.”

சேலை முந்தானையைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, அத்தனை பேர் பார்க்க, தேய்த்துத் தேய்த்து அழித்தாள். வெட்கமாக இருந்தது, நடுத்தெருவில் சேலை அவிழ்ந்த மாதிரி வெட்கமாக இருந்தது. சாக்பீஸ் தூள் சுவரின் குண்டுகுழிக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது, முழுக்கப் போகவில்லை. திரும்பிப் பார்த்தாள். படி இறங்கியிருந்தது. முழுக்க இறங்கவில்லை.

போன் போட்டாள். “எழுதிட்டேன். அழிச்சும் போட்டேன். வந்து அளந்து பாரு...” என்று சொன்னவள், உடனே திருத்தி, “வந்து அளந்து பாருங்கம்மா” என்றாள்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு மாரிச்செல்வி வந்தாள். சுவரைப் பார்த்தாள். உட்கார்ந்து முதல் படியை அளந்தாள், மற்ற படிகளில் நாலை அளந்தாள்.

“மத்ததெல்லாம் பதினேழு. இது இருபத்தொண்ணு. நாலு சென்டிமீட்டர் கூட.”

“இன்னும் எறங்கலையா?” கனகசுந்தரி சுவரையும் படியையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாளைக்கு எம்மக வண்டி கொண்டாந்துருவா. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க. மறுபடி எழுதி அழிக்கட்டா?”

மாரிச்செல்வி டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். “இருபத்தொண்ணு ஏறிக்கிடலாம் மேடம். நான் இதைவிட ஒசரமெல்லாம் ஏறியிருக்கேன். ஆனா எனக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு.”

“சொல்லுங்க.”

“நான் எந்தத் தெருன்னு இங்க யாராச்சும் ஒங்ககிட்ட கேப்பாங்க. கேக்காம இருக்க மாட்டாங்க. நீங்க பதில் சொல்லக் கூடாது. மெதுவாவும் சொல்லக் கூடாது, ஜாடையிலயும் சொல்லக் கூடாது. எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லணும். சம்மதமா?”

தெருவில் இருபத்தெட்டு வருஷமாக எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறவள் கனகசுந்தரி. “சம்மதம்” என்றாள். அந்த நிமிஷம், அவளுடைய கீழ்வீட்டு வாசலில், நேற்றுவரைக்கும் தரையோடு தரையாக இருந்த இடத்தில், இருபத்தொரு சென்டிமீட்டரில் ஒரு படி வந்து நின்றது. நல்ல படிதான். பூச்சு வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மாரிச்செல்வி சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனாள். இருபது படியும் ஏறுகிற சத்தம் கேட்டது, பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது, ஜன்னலை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. கனகசுந்தரி மகளுக்குப் போன் போட்டு, “வண்டி வேண்டாம், வேணும்னா நீ மட்டும் வா” என்று சொல்லி வைத்தாள்.

வைத்து முடிக்குமுன் வேலம்மாள் வந்துவிட்டாள். மாடியை ஒருதரம் பார்த்தாள், கனகசுந்தரியின் காதுக்குக் கிட்டே வாயைக் கொண்டுவந்தாள்.

“யக்கா, அந்தப் பிள்ளை எந்தத் தெரு?”

வார்த்தை நாக்குக்கு வந்துவிட்டது. கனகசுந்தரி அதை முழுங்கினாள்.

“மேலதான் இருக்காக. ஏறிப் போயி நீயே கேளு.”

இருபதும் முப்பதும் ஏறி மிளகாய் காயப்போட்டவள் வேலம்மாள். படிக்குக் கிட்டே போனாள், அண்ணாந்து பார்த்தாள், ஒரு காலைத் தூக்கினாள், சேலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துவிட்டு அந்தக் காலைத் தரையிலேயே வைத்தாள். கனகசுந்தரி அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற இடது முட்டியோடு, தன் வீட்டுப் படியில் முதல்தரமாகக் காலைத் தூக்கி வைத்து, உள்ளே ஏறினாள்.